உருகிய உப்பில் மின்சாரம்: பிளஸ் டூ வகுப்பில் எந்த உப்பை உருக்கிக் காட்டலாம்?

ஈரோடு மாவட்டத்தில், பவானி ஆற்றுப் பாசனப் பகுதியில் இருக்கும் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். மின்வேதியியல் பாடம் வரும் ஒவ்வொரு வருடமும் ஒரே குறை உறுத்தும். உருகிய சோடியம் குளோரைடில் மின்சாரம் செலுத்தினால் எதிர்மின்முனையில் சோடியம், நேர்மின்முனையில் குளோரின் என்று கரும்பலகையில் எழுதிவிடுகிறோம். பிள்ளைகளும் எழுதிக்கொள்கிறார்கள், தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் ஒரு உப்பு உருகி, அதன் வழியே மின்சாரம் ஓடி, உள்ளே இருந்த உலோகம் வெளியே வருவதை அவர்களில் ஒருவர்கூடப் பார்த்ததில்லை.

சோற்று உப்பை வைத்துக் காட்ட முடியாது. அது உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். அப்படியே உருக்கிவிட்டாலும், வெளிவரும் சோடியம் அந்தச் சூட்டில் காற்று பட்டவுடன் தீப்பிடிக்கும். ஆகவே வேறு உப்பு வேண்டும். எது என்பதுதான் கேள்வி. இத்தனை வருடத்தில் மூன்று உப்புகளைச் செய்து பார்த்துவிட்டேன், நான்காவதாக ஒரு கலவையையும். இதே யோசனையில் இருக்கும் மற்ற ஆசிரியர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதலில் இரண்டு மாற்று வழிகளை ஒதுக்கிவிடலாம். "உப்புத் தண்ணீரில் இரண்டு கம்பியைப் போட்டுக் காட்டினால் போதாதா?" என்பார்கள். போதாது. தண்ணீர் இருக்கும் இடத்தில் எதிர்மின்முனையில் ஹைட்ரஜன்தான் வரும், சோடியம் வராது. 1807-இல் ஹம்ப்ரி டேவி பட்ட பாடே இதுதான். பொட்டாஷைத் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடைத்) தண்ணீரில் கரைத்து மின்சாரம் விட்டபோது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் மட்டுமே வந்தன. லேசாக ஈரம் ஏறிய திடப் பொட்டாஷை, மின்சாரத்தின் சூட்டிலேயே உருகவிட்ட பிறகுதான் பாதரசம் போல் மின்னும் பொட்டாசிய உருண்டைகள் தோன்றின. தண்ணீரை விலக்குவதில்தான் பாடத்தின் உயிர் இருக்கிறது, அதைத் தண்ணீரிலேயே காட்டிவிட முடியாது.

இன்னொன்று, "மேட்டூருக்குக் கூட்டிப் போங்கள்" என்ற பழைய யோசனை. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் எடுத்த பாக்சைட்டைக் கொண்டு 1965 முதல் மேட்டூரில் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, நம் ஊர்க்காரர்கள் வாயில் மால்கோ, அலுமினியம் எடுத்தது. உருகிய உப்பு மின்னாற்பகுப்பு, அதாவது மின்சாரத்தால் பிரித்தெடுப்பது, நம் பக்கத்திலேயே, ஆயிரக்கணக்கான ஆம்பியரில் நடந்தது. 2008-இல் அந்த உருக்குப் பிரிவு நின்றுவிட்டது. இன்றைய பிள்ளைகளுக்குப் பார்க்கக் கிடைப்பது வீடியோ மட்டும்தான். வீடியோவில் பார்ப்பது யாரையும் நிமிர்ந்து உட்கார வைப்பதில்லை.

சரி, உப்புகளுக்கு வருவோம்.

ஈய புரோமைடு

பழைய பாடநூல்களிலும் வெளிநாட்டுப் பாடத்திட்டங்களிலும் உதாரணம் என்றால் இதுதான். காரணம் உண்டு. சுமார் 370 டிகிரியில் உருகும், ஒரு நல்ல பர்னர் போதும். ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடுவதால் எதிர்மின்முனையில் வெளிவரும் ஈயம் திரவமாகவே இருக்கும். அடர்த்தி அதிகம் என்பதால் மூசையின் (உப்பை உருக்கும் கிண்ணத்தின்) அடியில் ஒரு மணியாக இறங்கி உட்காரும். நேர்மின்முனையிலோ செம்பழுப்பு நிறத்தில் புரோமின் ஆவி. நிறமே சாட்சி சொல்லிவிடும், தனியாகச் சோதனைத் தாள்கூட வேண்டாம். இரண்டு முனையிலும் நடப்பதை இவ்வளவு தெளிவாகக் கண்ணுக்குக் காட்டும் உப்பு வேறு இல்லை. இதை மனதார ஒப்புக்கொள்கிறேன்.

எதிர்மின்முனையில்: ஈய அயனி + 2 எலக்ட்ரான் → ஈயம்.
நேர்மின்முனையில்: 2 புரோமைடு அயனி → புரோமின் + 2 எலக்ட்ரான்.

கணக்கும் அழகாக வரும். 2 ஆம்பியர் மின்னோட்டம் 10 நிமிடம் என்றால் 1,200 கூலூம். ஃபாரடே மாறிலி 96,485-ஆல் வகுத்து, ஈய அயனிக்கு இரண்டு எலக்ட்ரான் என்பதால் பாதியாக்கினால், ஏறத்தாழ 0.0062 மோல். அதாவது 1.3 கிராம் ஈயம், 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு குண்டுமணி. ஆறவைத்து, உடைத்து எடுத்து, தராசில் வைத்து, "கணக்குப் போட்ட எடை வந்ததா பாருங்கள்" என்று சொல்லலாம். கொஞ்சம் குறைவாகத்தான் வரும். ஈயத்தில் ஒரு பங்கு உருகிய உப்பிலேயே கரைந்து, நேர்மின்முனைப் பக்கம் போய் மறுபடி புரோமைடாகிவிடும். அந்தக் குறையும் ஒரு பாடம்.

இவ்வளவு நல்லதைச் சொல்லிவிட்டு, ஏன் இதை விட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு பள்ளியில், ஐப்பசி மழை நாளில் இதைச் செய்து காட்டினேன். சாரல் அடிக்கிறது என்று சன்னல்களைச் சாத்தியிருந்தோம். புகைப்போக்கிக் கூண்டு என்று ஒன்று மூலையில் இருந்தது, அதன் மின்விசிறி ஓடாது. பிள்ளைகள் மேசையைச் சுற்றி நின்றார்கள். ஐந்து நிமிடத்தில் முன்வரிசையில் இருந்த இரண்டு பேர் இருமத் தொடங்கினார்கள். ஒரு பையனுக்குக் கண்ணில் நீர் கொட்டியது. உடனே நிறுத்தி எல்லோரையும் வராந்தாவுக்கு அனுப்பிவிட்டேன். யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்தப் பையன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. தப்பு என்னுடையது.

அன்று இரவு உட்கார்ந்து போட்ட கணக்கை இங்கே தருகிறேன், ஏனென்றால் முடிவை மாற்றியது அதுதான். 2 ஆம்பியர், 10 நிமிடத்தில் வெளிவரும் வாயு, புரோமின் ஆனாலும் குளோரின் ஆனாலும், மோல் கணக்கில் ஒன்றுதான்: 0.0062 மோல், அறை வெப்பநிலையில் சுமார் 150 மில்லிலிட்டர். எங்கள் ஆய்வகம் 8 மீட்டருக்கு 6 மீட்டர், உயரம் மூன்றரை. 168 கன மீட்டர், அதாவது 1,68,000 லிட்டர் காற்று. சன்னல் சாத்திய அறையில் வாயு சமமாகப் பரவினால் பத்து லட்சத்தில் 0.9 பங்கு. குளோரினுக்குப் பணியிடங்களில் பொதுவாகச் சொல்லும் வரம்பு பத்து லட்சத்தில் அரைப் பங்கு. புரோமினுக்கோ பத்து லட்சத்தில் 0.1 பங்குதான். அதே ஆம்பியர், அதே நிமிடம், அதே அறை: குளோரின் என்றால் வரம்பைப் போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு, புரோமின் என்றால் ஒன்பது மடங்கு. நேரத்தை 3 நிமிடமாகக் குறைத்தால் குளோரின் வரம்புக்குள் வந்துவிடும். புரோமின் அப்போதும் மூன்று மடங்குக்கு அருகில் நிற்கும். இதுவும் அறை முழுவதற்குமான சராசரிதான். மூசைக்கு மேலே குனிந்து பார்க்கும் பிள்ளையின் மூக்கருகில் இதைவிடப் பல மடங்கு இருக்கும்.

அப்புறம் ஈயம். ஈயச் சேர்மங்கள் வளரும் பிள்ளைகளின் மூளைக்கும், கருவுற்ற பெண்களுக்கும் செய்யும் கேடு நன்றாகத் தெரிந்த விஷயம். செய்முறை முடிந்ததும் மூசையில் ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சத்தை என்ன செய்வது? கழுவும் தொட்டியில் ஊற்றினால் அது எங்கே போகும் என்று நம் பகுதியில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. சாயக் கழிவால் கெட்ட நொய்யல் ஆற்றைப் பார்த்துவிட்டோம், அந்தக் கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையைப் பார்த்துவிட்டோம், 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னதையும் பார்த்துவிட்டோம். பள்ளிக்கூடத்தில் இருந்து போவது சில கிராம்தான் என்று நான் சமாதானம் சொல்லிக்கொள்ளத் தயாராக இல்லை. சரியான புகைப்போக்கிக் கூண்டும், ஈயக் கழிவை எடுத்துப்போக முறையான ஏற்பாடும் உள்ள கல்லூரிகள் செய்யட்டும். நம் பள்ளிகளுக்கு இது வேண்டாம்.

வெள்ளீயக் குளோரைடு

சின்ன வயதில் எங்கள் ஊர்ச் சந்தை ஓரத்தில் ஈயம் பூசுகிறவர் வந்து உட்காருவார். பேச்சில் ஈயம் என்றாலும் அவர் பூசுவது வெள்ளீயம், அதாவது டின். தரையில் குழி, அதில் கரி, பக்கத்தில் துருத்தி. பித்தளை அண்டாவை நெருப்பில் புரட்டிப் புரட்டிச் சூடேற்றி, நவச்சாரப் (அம்மோனியம் குளோரைடு) பொடியைத் தூவுவார். வெள்ளைப் புகை குப்பென்று கிளம்பும், மூக்கு எரியும். வெள்ளீயக் குச்சியை உள்ளே ஒரு இழுப்பு இழுத்து, பஞ்சால் சுற்றித் தேய்த்தால், மஞ்சள் அண்டா உள்ளே வெள்ளியாக மாறிவிடும். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால்தான் கரி நெருப்பில் இது சாத்தியம். பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு வெள்ளீயக் குளோரைடை எடுத்தால் ஆர்வமாகக் கேட்பார்கள்.

நீரற்ற வெள்ளீயக் குளோரைடு 247 டிகிரியில் உருகும். மூன்றில் மிகக் குறைந்த சூடு இதற்குத்தான், ஸ்பிரிட் விளக்கிலேயே உருகிவிடும். உலோகமும் உருகிய மணியாகக் கிடைக்கும். பெரிய பரம்பரையும் இதற்கு உண்டு. 1834-இல் மைக்கேல் ஃபாரடே தன் விதிகளை நிறுவ எடுத்துக்கொண்ட உருகிய உப்புகளில் இதுவும் ஒன்று. தண்ணீரைப் பகுக்கும் கலத்தையும் உருகிய வெள்ளீயக் குளோரைடையும் ஒரே சுற்றில் தொடராக இணைத்து, ஒன்றில் வந்த வாயுவின் அளவையும் இன்னொன்றில் வந்த வெள்ளீயத்தின் எடையையும் ஒப்பிட்டார்.

ஆனால் வகுப்புக்கு இது சரிப்படவில்லை. சிக்கல் நேர்மின்முனையில். குளோரைடு அயனி எலக்ட்ரானை விட்டுக் குளோரினாகிறது, அதுவரை சரி. அந்தக் குளோரின் வெளியே வருவதற்குள் பக்கத்தில் இருக்கும் வெள்ளீயக் குளோரைடையே பிடித்து டெட்ராகுளோரைடாக மாற்றிவிடுகிறது. டெட்ராகுளோரைடு 114 டிகிரியில் கொதிப்பது. ஆகவே ஆவியாக வெளியே வந்து, காற்றின் ஈரத்தில் வெண்புகையாகிவிடும், கூடவே ஹைட்ரஜன் குளோரைடும் வரும். "நேர்மின்முனையில் குளோரின்" என்று கரும்பலகையில் எழுதிவிட்டு வெள்ளைப் புகையைக் காட்டினால் பிள்ளைகள் குழம்புவார்கள். முனையில் நடக்கும் வினை வேறு, அதற்குப் பிறகு நடக்கும் வினை வேறு என்று விளக்கலாம்தான். நல்ல மாணவர்களுக்கு அது அருமையான விவாதம். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு அது சுமை.

கடையில் எளிதாகக் கிடைப்பதும் நீரேறிய உப்புதான். அதைச் சூடாக்கினால் தண்ணீர் மட்டும் தனியாகப் போகாது, கொஞ்சம் ஹைட்ரஜன் குளோரைடையும் கூட்டிக்கொண்டு போய், கலங்கலான கார உப்பை மிச்சம் வைக்கும். வெள்ளீயம் துத்தநாகத்தைவிடப் பல மடங்கு விலை கூடியது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

துத்தநாகக் குளோரைடு

இப்போது எங்கள் ஆய்வகத்தில் நடப்பது இதுதான், ஆனால் ஒரு மாற்றத்தோடு. முதலில் தனி உப்பைப் பற்றிச் சொல்கிறேன்.

உருகுநிலை 290 டிகிரிக்குப் பக்கம். ஈயம் போன்ற நஞ்சு இல்லை. உடம்புக்கும் பயிருக்கும் துத்தநாகம் கொஞ்சம் வேண்டும். நெல்லுக்கு ஜிங்க் சல்பேட் போடாத விவசாயி எங்கள் பாசனத்தில் குறைவு. அதற்காகத் துத்தநாகக் குளோரைடைக் கையால் தொடலாம் என்று பொருள் இல்லை. தோலை அரிக்கும், அதன் புகை நெஞ்சுக்குக் கெடுதல். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் பாட்டிலைத் திறக்கக் கூடாது.

முனைகளில் நடப்பது நேரானது. எதிர்மின்முனையில்: துத்தநாக அயனி + 2 எலக்ட்ரான் → துத்தநாகம். நேர்மின்முனையில்: 2 குளோரைடு அயனி → குளோரின் + 2 எலக்ட்ரான். வெள்ளீயத்தில் வந்தது போன்ற குறுக்கு வினை இல்லை. துத்தநாகத்துக்குக் குளோரினோடு சேர வேறு உயர்ந்த நிலை கிடையாது. வருகிற குளோரின் குளோரினாகவே வெளியே வரும்.

குளோரினுக்கு நிறம் அவ்வளவாகத் தெரியாது என்பது ஒரு குறை. நனைத்த நீல லிட்மஸ் தாளை மேலே காட்டினால் சிவந்து, பிறகு வெளுக்கும். நான் இன்னொன்றும் செய்வேன். சேலத்து ஜவ்வரிசியில் கொஞ்சம் கஞ்சி காய்ச்சி, அதில் பொட்டாசியம் அயோடைடைக் கலந்து, வடிதாளில் தோய்த்து உலர்த்தி வைத்துக்கொள்வேன். குளோரின் பட்டவுடன் ஈரத்தாள் கருநீலமாக மாறும். குளோரின் அயோடைடை அயோடினாக்குகிறது, அயோடின் மாவுச்சத்தோடு நிறம் காட்டுகிறது. அதுவும் ஒரு ஆக்சிஜனேற்றம்தான், அதே பாடத்தின் இன்னொரு உதாரணம் தானாகவே கிடைத்துவிடுகிறது.

தனி உப்பின் தொல்லைகள் இரண்டு. ஒன்று, காற்றின் ஈரத்தை இழுக்கும் வேகம். மூடியைத் திறந்து வைத்தால் மழைக்காலத்தில் பொடி கண்ணெதிரிலேயே கூழாகிவிடும். ஈரம் இருக்கும்வரை எதிர்மின்முனையில் முதலில் ஹைட்ரஜன்தான் குமிழிடும். இரண்டாவது பலருக்குத் தெரியாதது. துத்தநாகக் குளோரைடு உருகியவுடனே நன்றாகக் கடத்தாது. மற்ற உப்புகளைப் போல அயனிகள் உடனே தனித்தனியாக அலைவதில்லை. துத்தநாகமும் குளோரினும் வலை போலக் கோத்துக்கொண்டிருப்பதால் திரவம் வெல்லப்பாகு போல் கெட்டியாக இருக்கும். பல்பு மங்கலாகத்தான் எரியும். பிரகாசமாக எரிய வேண்டும் என்று சூட்டை ஏற்றினால் வெண்புகை கிளம்பும். நான் இரண்டு வருடம் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டிருந்தேன்.

கலவை

விடை மேட்டூரில்தான் இருந்தது. பாக்சைட்டில் இருந்து பிரித்த அலுமினாவை (அலுமினிய ஆக்சைடை) நேரே உருக்க 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். 1886-இல் அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டின் ஹாலும் பிரான்சில் பால் ஹெரூவும் தனித்தனியே கண்ட வழி, அதை உருகிய கிரையோலைட்டில் (சோடியமும் அலுமினியமும் உள்ள ஒரு ஃபுளோரைடு உப்பில்) கரைப்பது. 960 டிகிரி அளவில் வேலை முடிந்துவிடும். சோடியம் எடுக்கும் டவுன்ஸ் கலத்திலும் இதே கதை: உப்போடு கால்சியம் குளோரைடைக் கலந்து 801-ஐ 600-க்குக் கீழே வரை இறக்குகிறார்கள். உலகின் பல இடங்களில் மக்னீசியம் குளோரைடில் இருந்து மக்னீசியம் எடுக்கும்போதும் வேறு குளோரைடுகளைச் சேர்த்துத்தான் உருக்குகிறார்கள். நம் சேலத்து வெள்ளைக்கல், அந்த மேக்னசைட், பெரும்பாலும் உலைச் செங்கலுக்குத்தான் போகிறது, ஆனால் அதற்குள் இருப்பதும் அதே மக்னீசியம். தனி உப்போடு போராடாமல் கலந்து உருக்குவதே தொழில் முறை என்றால், ஆய்வகத்தில் மட்டும் நான் ஏன் தனி உப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்?

துத்தநாகக் குளோரைடு, சோடியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு மூன்றையும் மோல் கணக்கில் 60:20:20 என்று சேர்த்தால் உருகுநிலை 200 டிகிரிக்குச் சற்று மேலே வந்து நிற்கும். எடையில் சொன்னால் 100 கிராமுக்கு ஏறத்தாழ 75, 11, 14. தனி உப்பைவிட எளிதாக ஓடும், நன்றாகக் கடத்தும், புகையும் குறைவு. பொட்டாசியம் குளோரைடு என்றதும் உரக்கடைப் பொட்டாஷ் நினைவுக்கு வரும். வேண்டாம், அந்தச் செம்மண் நிறம் இரும்பால் வருவது. துத்தநாகத்துக்கு முன்னால் இரும்பு படியும். ஆய்வகத் தரத்தையே வாங்குங்கள்.

இன்னொரு எச்சரிக்கை, இதைத் தடித்த எழுத்தில் எழுத வேண்டும். கோவைப் பக்கம் நாகமுலாம் பூசும் பட்டறைகளில் பிளக்ஸ் என்று ஒரு உப்பு இருக்கும், துத்தநாகக் குளோரைடுதானே என்று சும்மா கொடுப்பார்கள். அது துத்தநாக அம்மோனியம் குளோரைடு, மின்னாற்பகுப்புக்கு எடுக்கவே கூடாது. நவச்சாரத்தையும் ஒரு சிட்டிகைகூடச் சேர்க்கக் கூடாது. குளோரினும் அம்மோனியம் உப்பும் சேரும் இடத்தில் நைட்ரஜன் டிரைகுளோரைடு என்ற வெடிக்கும் பொருள் உண்டாகலாம்.

கலவையில் எனக்கு மிகவும் பிடித்தது அது எழுப்பும் கேள்வி. மூசைக்குள் மூன்று நேரயனிகள்: துத்தநாகம், சோடியம், பொட்டாசியம். எது படியும்? குறைந்த மின்னழுத்தத்தில் எலக்ட்ரானை வாங்கிக்கொள்வது எதுவோ அது, அதாவது துத்தநாகம். மற்ற இரண்டும் மின்சாரத்தைச் சுமந்துகொண்டு அங்கேயே இருக்கும். கிரையோலைட்டிலும் சோடிய அயனிகள் நிறைய இருந்தும் அலுமினியம் மட்டும் வருவது இதனால்தான். டவுன்ஸ் கலத்தில் சோடியமும் கால்சியமும் நெருங்கிய போட்டி. அதனால் கொஞ்சம் கால்சியமும் கூடவே வந்துவிடும், ஆறவைத்து வடிகட்டிப் பிரிப்பார்கள். தனி உப்பில் இந்தக் கேள்வியைக் கேட்கவே வழியில்லை.

நேர்மின்முனையைப் பற்றியும் ஒப்பிட்டுச் சொல்ல ஒன்று உண்டு. நம் மூசையில் கரித்தண்டு அப்படியே இருக்கும், குளோரின் அதைத் தின்னாது. அலுமினியக் கலத்தில் வெளிவருவது ஆக்சிஜன். அந்தச் சூட்டில் கரித்தண்டையே எரித்துக் கார்பன் டை ஆக்சைடாகப் போகும். ஒரு கிலோ அலுமினியத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான கரியும், 13 முதல் 15 யூனிட் மின்சாரமும் செலவு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு இலவசமாக வரும் 100 யூனிட்டில் சுமார் 7 கிலோ அலுமினியம்தான் எடுக்க முடியும் என்று சொன்னால், பிள்ளைகள் பாத்திரத்தை வேறு கண்ணோடு பார்க்கிறார்கள்.

செய்யும் முறை

கரித்தண்டுக்குப் பழைய டார்ச் செல்லை உடைக்கலாம், ஆனால் அதில் மெழுகு ஊறியிருக்கும், முன்பே சுட்டு எடுக்க வேண்டும். கணபதி, பீளமேடு பக்கம் டை செய்யும் டூல் ரூம்களில் ஸ்பார்க் எரோஷன் மிஷினுக்குப் பயன்படுத்தும் கிராஃபைட்டில் வெட்டிய துண்டுகள் கிடைக்கும், அவை இன்னும் நல்லவை. 50 மில்லிலிட்டர் பீங்கான் மூசை, 40 கிராம் கலவை, 12 வோல்ட் பைக் பேட்டரி, 12 வோல்ட் பல்பு ஒன்று, அம்மீட்டர், மின்தடை மாற்றி. தண்டுகளுக்கு இடையே ஒன்றரை சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். 419 டிகிரிக்குக் கீழே துத்தநாகம் திடமாகவே படியும். மணியாக இறங்காது, சாம்பல் நிற ஊசிகளாக, இறகு போல் வளரும். நெருங்கி வைத்தால் வளர்ந்து எதிர்த் தண்டைத் தொட்டுக் குறுக்குச் சுற்றாகிவிடும்.

மூசைக்கு மேலே ஒரு புனலைக் கவிழ்த்து, ரப்பர் குழாய் வழியாக நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலுக்குள் இழுக்க வேண்டும். குழாயடி உறிஞ்சி (குழாய்த் தண்ணீரின் ஓட்டத்தால் காற்றை இழுக்கும் கருவி) இருந்தால் போதும். நடுவில் ஒரு காலிக் குடுவையை வைத்துவிடுங்கள், கரைசல் பின்னோக்கி வந்து சூடான உப்பில் விழுந்துவிடக் கூடாது. சன்னல் எல்லாம் திறந்திருக்கட்டும். கையாள்வது ஆசிரியர் மட்டும், பிள்ளைகள் இரண்டு மீட்டர் தள்ளி. ஆஸ்துமா உள்ளவர்கள் யார் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கலவையைக் குளிர்ந்த பொடியாக வைத்துத் தண்டுகளை இறக்கி, பல்பை இணைத்துவிடுவேன். எரியாது. பர்னரைப் பற்றவைத்த பிறகு வகுப்பே அந்தப் பல்பைத்தான் பார்க்கும். ஓரத்தில் முதலில் ஈரம் போல் ஒரு பளபளப்பு, பிறகு பொடி உள்வாங்கி இறங்கும். தண்டுகளைச் சுற்றி உருகியதும் இழையில் ஒரு மங்கல் சிவப்பு, அரை நிமிடத்தில் முழு வெளிச்சம். போன வருடம் பின்வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது: "ஏனுங்க சார், பொடியா இருக்கறப்பவும் அதே உப்புதானுங்களே? அப்ப மட்டும் ஏனுங்க எரியல?"

"அயனி அப்பவும் இருந்துச்சு அம்மிணி. நகர வழியில்ல" என்றேன். ஃபாரடேயும் 1833-இல் இதே இடத்தில் நின்றவர். மெல்லிய பனிக்கட்டித் தகடு மின்சாரத்தைத் தடுப்பதையும், அதே தண்ணீர் உருகியதும் விடுவதையும் கண்டு, பிறகு ஈயக் குளோரைடு போன்ற உப்புகளை உருக்கிப் பார்த்தார். அந்தப் பிள்ளை விடவில்லை. "அப்ப உப்புக்குள்ள எலக்ட்ரான் ஓடலீங்களா?" இல்லை, உப்புக்குள் ஓடுவது அயனிகள், கம்பியில் ஓடுவது எலக்ட்ரான்கள், கை மாறுவது முனைகளில். இந்த ஒன்றைப் புரியவைக்க நான் கரும்பலகையில் எத்தனை நாள் செலவழித்திருக்கிறேன்!

பல்பைக் கழற்றிவிட்டு, அம்மீட்டர் வழியாக 2 ஆம்பியரில் மூன்றே நிமிடம். கணக்கின்படி வருவது 45 மில்லிலிட்டர் குளோரினும் 0.12 கிராம் துத்தநாகமும். ஜவ்வரிசித் தாள் நீலமாவதைக் காட்டிவிட்டு மின்சாரத்தை நிறுத்துவேன். எடை போட்டு ஃபாரடே விதியைச் சரிபார்க்க வேண்டும் என்றால் 10 நிமிடம் ஓட்ட வேண்டும். அதை வராந்தாவில், காற்றோட்டம் உள்ள பக்கம், பிள்ளைகள் இல்லாதபோது செய்துவைத்து எடையை மட்டும் கொடுக்கலாம். 0.41 கிராம் வர வேண்டும், குறையும். இறகுகளில் கொஞ்சம் உதிர்ந்து உப்புக்குள் கிடக்கும், கொஞ்சம் குளோரினைச் சந்தித்து மறுபடி கரைந்திருக்கும்.

எதிர்மின்முனைத் தண்டைச் சூடாக இருக்கும்போதே மேலே தூக்கி ஆறவிடுங்கள். தண்ணீரில் அலசினால் உப்பு கரைந்து போய், நீலச் சாயல் கலந்த சாம்பல் நிறத்தில் துத்தநாகம் மட்டும் தண்டில் நிற்கும். நுனியைக் கிள்ளி ஒரு துண்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் குமிழி விட்டுக் கரையும். இன்னொரு துண்டை மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலில் போட்டால் செம்பு பூத்து நீலம் மங்கும். வந்தது உலோகம்தான் என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

அலசிய தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். சலவைச் சோடா கரைசலைச் சேர்த்தால் துத்தநாகக் கார்பனேட் வெள்ளையாகப் படியும். வடிகட்டி உலர்த்திப் பாட்டிலில் போட்டுவிடலாம். வருடத்துக்கு ஒரு தேக்கரண்டிகூடச் சேராது. மூசையில் மிச்சம் இருக்கும் கலவையை உறையும் முன் ஒரு உலர்ந்த இரும்புத் தட்டில் ஊற்றி, கட்டியானதும் உடைத்து, வாய் இறுகிய பாட்டிலில் போட்டு மூடியைச் சுற்றி மெழுகு வைத்துவிடுவோம். எங்கள் ஆய்வக உதவியாளர் அதன்மேல் தேதி எழுதி ஒட்டி வைப்பார். அடுத்த வருட வகுப்புக்கும் அதையேதான் எடுக்கிறோம். ஒருமுறை உருகிக் காய்ந்தது என்பதால் இரண்டாம் தடவை பல்பு இன்னும் சீக்கிரமாகவே எரிகிறது.